மறைப்பது வேறு, அடைப்பது வேறு

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்க நெட்வொர்க் லைன்ல இருக்கீங்க தம்பி, எல்லாருக்கும் பிரயோஜனமா ஒரு இருபது நிமிஷம் பேசுங்க. ஆனா பாடம் நடத்திராதீங்க" என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். பாடம் நடத்த மாட்டேன். உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மூலையில், டி.வி.க்குப் பக்கத்திலோ சாமி படத்துக்குக் கீழேயோ, விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே ஒரு பெட்டி, அதைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். ரவுட்டர் என்கிறோம், மோடம் என்கிறோம், நம் வீட்டுப் பெரியவர்கள் "நெட்டு டப்பா" என்கிறார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும், வீட்டுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே நிற்கும் ஒரே காவலாளி அதுதான்.

அந்தக் காவலாளியை யாராவது திரும்பிப் பார்க்கிறோமா? லைன் போட வந்தவர் மாட்டிவிட்டுப் போனார். நெட் வருகிறது. அதோடு சரி. பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வருகிற பதில், "அட போங்க தம்பி, நம்ம வீட்டுல திருடுறதுக்கு என்ன இருக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

2016-ஆம் ஆண்டு 'மிராய்' என்று ஒரு தீம்பொருள் உலகம் முழுக்கப் பரவியது. அது வங்கிக் கணினிகளைத் தேடவில்லை. வீட்டு ரவுட்டர்களையும் கேமராக்களையும், கேமரா படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டிகளையும் தேடியது. எப்படி உள்ளே போனது? பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. டெல்நெட் என்னும் பழைய வாசல் திறந்திருக்கிறதா என்று பார்க்கும். திறந்திருந்தால், கம்பெனிக்காரன் பெட்டியோடு கொடுத்த பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுப் பார்க்கும். அட்மின், அட்மின், ரூட், 12345 – இப்படி அறுபத்துச் சொச்சம் ஜோடிகள்தான் அதன் கையில் இருந்தன. அவ்வளவை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான பெட்டிகளைப் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, பிடிபட்ட பெட்டிகள் 'டின்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது ஏவப்பட்டன. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே அமெரிக்காவில் பல மணி நேரம் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். நம் மாணவர்களை விட ஓரிரு வயது மூத்தவர்கள். 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2017 ஜூலை மாதக் கடைசியில், கர்நாடகம் உள்ளிட்ட பகுதிகளில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் திடீரென்று செயலிழந்தன. சுமார் 60,000 மோடம்கள் என்று செய்திகள் வந்தன. காரணம் 'பிரிக்கர்பாட்' என்னும் தீம்பொருள். பெயருக்கு ஏற்ற வேலை: உள்ளே நுழையும், பெட்டியின் நினைவகத்தை அழிக்கும், பெட்டியை வெறும் செங்கல்லாக்கிவிட்டுப் போகும். பாஸ்வேர்டு மாற்றாமல் அட்மின், அட்மின் என்றே கிடந்த மோடம்கள்தான் அதிகம் அடிபட்டன. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

மூன்றாவது செய்தி, மனதை வருத்துவது. 2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில், ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே போய், பரிசோதனைக்கு வந்த பெண்களின் படங்கள் காசுக்கு விற்கப்பட்டது தெரியவந்தது. அந்தப் பெண்கள் யாரும் எந்த இணையதளத்துக்கும் போகவில்லை. எந்த லிங்க்கையும் அழுத்தவில்லை. டாக்டரிடம் போனார்கள், அவ்வளவுதான்.

ஆக, "திருட என்ன இருக்கு" என்ற கேள்விக்கு மூன்று பதில்கள். ஒன்று, நம் பெட்டியையே அடியாளாக வைத்து அடுத்தவனை அடிக்கலாம். இரண்டு, நம் லைனையே முடக்கலாம். மூன்று, நம் வீட்டுப் பெண்களின் மானத்தை விற்கலாம். இதற்கு மேல் என்ன இருக்க வேண்டும்?

சரி, வாசல் வாசல் என்கிறோமே, அது என்ன? கம்ப்யூட்டர்காரர்கள் அதைப் போர்ட் என்கிறார்கள். இதை விளக்க நான் அமெரிக்காவுக்குப் போக வேண்டாம், கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை பாயும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரே போதும். நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கின்றன. வாய்க்கால் எல்லார் வயல் ஓரமும் ஓடுகிறது. ஆனால் மடை திறந்த வயலுக்குள்தான் தண்ணீர் போகும். இணையம் அந்த வாய்க்கால். வீடு நம் வயல். போர்ட் என்பது மடை. ஒரு வித்தியாசம் என்னவென்றால், வயலுக்கு ஒன்றிரண்டு மடை. ஓர் இணைய முகவரிக்கு 65,535 மடைகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. இணையப் பக்கத்துக்கு 80, பூட்டு போட்ட இணையப் பக்கத்துக்கு 443, டெல்நெட்டுக்கு 23. லைன் கொடுத்த கம்பெனி தூரத்திலிருந்தே நம் பெட்டியைச் சரிபார்ப்பதற்கு 7547 என்று ஒன்று. 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு தடுமாறியது அந்த 7547-ஆம் எண்ணைக் குறிவைத்த தாக்குதலில்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், குறிப்பாக நம் மாணவத் தம்பிகள், "அண்ணே, போர்ட்டை ஹைட் பண்ணிட்டா போதும்ணே, எவனும் கண்டுபிடிக்க முடியாது" என்கிறார்கள். இது பாதி உண்மை. பாதி உண்மை, முழுப் பொய்யை விட ஆபத்தானது. ஏன் என்று பார்ப்போம்.

வெளியிலிருந்து ஒருவன் ஒரு போர்ட்டைத் தட்டினால் மூன்று விதமாகப் பதில் வரலாம். "வாங்க" என்றால் திறந்திருக்கிறது. "இங்கே ஒன்றும் இல்லை, போங்க" என்றால் மூடியிருக்கிறது. ஒரு சத்தமும் வராமல் இருந்தால், ஃபயர்வால் அந்தத் தட்டலையே காதில் வாங்காமல் கீழே போட்டுவிட்டது என்று பொருள். இந்த மூன்றாவதைத்தான் 'மறைந்த போர்ட்' என்கிறார்கள். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. இன்றைய வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் தாமாகவே இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு போர்ட் உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால் அது பதில் சொல்லியாக வேண்டும். கம்பத்தில் இருக்கும் ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர், மேலே மலையில் வண்டன்மேட்டுப் பக்கம் இருக்கிற தன் ஸ்டோரைப் போனில் பார்க்க ஆசைப்படுகிறார். காய் காயவைத்திருக்கும் நேரம், திருட்டுப் பயம் உண்டு. கம்பம்மெட்டு ஏறி ஜீப்பில் தினமும் போய்வர முடியுமா? கேமரா மாட்ட வந்த தம்பி, ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து டி.வி.ஆர். பெட்டியோடு இணைத்துவிடுகிறார். போனில் படம் வருகிறது, முதலாளிக்குச் சந்தோஷம். அந்த போர்ட் அவர் தட்டினால் மட்டுமா பதில் சொல்லும்? யார் தட்டினாலும் சொல்லும். திறந்து வைத்த கடையை ஊருக்குத் தெரியாமல் மறைக்க முடியுமா?

"நம்பரை மாத்திட்டோம் சார், 8000-க்குப் பதிலா 48123" என்பார்கள். அதாவது மடையைத் திறந்து வைத்து, மேலே இலை தழையைப் போட்டு மூடியிருக்கிறோம். ஆள் கண்ணுக்குத் தெரியாதுதான். தண்ணீருக்குத் தெரியாதா? தண்ணீர் ஒவ்வோர் அங்குலத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டுதானே போகிறது! இந்தத் தேடும் புரோகிராம்களும் தண்ணீர் மாதிரிதான். 2013-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு கருவி செய்தார்கள். பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி; அவை அத்தனையிலும் ஒரு போர்ட்டை, ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துக் காட்டினார்கள். அது 2013. 'ஷோடான்' என்ற தேடுதளம் 2009 முதல் இந்த வேலையைத் தினசரி செய்து பட்டியலே போட்டு வைத்திருக்கிறது. எந்த ஊரில் எந்த கேமரா திறந்திருக்கிறது என்று அதில் தேடலாம். ஆக, நம்மை யாரும் குறிவைக்க வேண்டிய அவசியமே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது.

முழு மௌனத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு முகவரியில் உண்மையிலேயே ஆள் இல்லை என்றால், வழியில் இருக்கும் ரவுட்டர் "அங்கே யாரும் இல்லை" என்று சொல்லிவிடலாம். ஒரு சத்தமும் இல்லை என்றால், உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்று விவரமானவன் ஊகித்துக்கொள்வான். வைஃபை பெயரை மறைப்பதும் இந்தக் கதைதான். பெயரை மறைத்துவிட்டால், உங்கள் போன் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகும்.

இது இன்று நேற்று கண்ட உண்மையல்ல. 1883-இல் ஹாலந்தில் பிறந்த மொழி ஆசிரியர் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ், ராணுவ ரகசிய எழுத்தைப் பற்றி எழுதும்போது சொன்ன கருத்து இது: நம் முறை முழுவதும் எதிரிக்குத் தெரிந்துபோனாலும், சாவி மட்டும் நம் கையில் இருந்தால் ரகசியம் காப்பாற்றப்பட வேண்டும். அப்படி இருந்தால்தான் அது பாதுகாப்பு. மறைவை மட்டும் நம்பியிருப்பது, வீட்டுச் சாவியை மிதியடிக்கு அடியில் வைத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

அப்படியானால் மறைப்பதே வீணா என்று கேட்பீர்கள். வீண் இல்லை. வரிசை முக்கியம். நான் மூன்று சொல் சொல்கிறேன், இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்: அடை, பூட்டு, மறை. தேவையில்லாததை அடை. தேவையானதைப் பூட்டு. அதற்குப் பிறகு, முடிந்தால் மறை. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

முதலில் அடைப்பது. ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 192.168.1.1 என்பது போல ஒரு முகவரி இருக்கும். வீட்டு வைஃபையில் இருந்தபடி போன் பிரவுசரில் அதைப் போட்டால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். அங்கே 'போர்ட் ஃபார்வர்டிங்' என்ற பகுதியைப் பாருங்கள். என்றோ யாரோ திறந்துவிட்டது ஏதாவது இருந்தால், எதற்கு என்று விசாரித்து, தேவையில்லையென்றால் நீக்கிவிடுங்கள். 'ரிமோட் மேனேஜ்மெண்ட்' என்பது வெளி உலகத்திலிருந்தே ரவுட்டரின் பக்கத்தைத் திறக்க வழிவிடுவது. வீட்டுக்கு அது வேண்டாம். 'யு.பி.என்.பி.' என்று ஒன்று இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் கேமராவோ விளையாட்டுப் பெட்டியோ நம்மைக் கேட்காமலே ரவுட்டரிடம் சொல்லி மடையைத் திறந்துகொள்ளும் வசதி அது. அதையும் நிறுத்துங்கள். பையனின் கேம் ஏதாவது தகராறு செய்தால், அதற்கு வேண்டியதை மட்டும் தெரிந்து திறந்துகொடுக்கலாம்.

இரண்டாவது, பூட்டுவது. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. பலரும் இரண்டாவதை மட்டும் மாற்றுகிறார்கள். இரண்டையும் மாற்ற வேண்டும். கேமராவுக்கும் டி.வி.ஆர். பெட்டிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு. வண்டி நம்பர், போன் நம்பர், பிள்ளை பெயர் வேண்டாம். அட்டையில் எழுதி பீரோவில் வையுங்கள், தப்பில்லை. பீரோவுக்குள் ரஷ்யாக்காரன் வரமாட்டான். அடுத்து, ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கேமராக்களில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பாஸ்வேர்டே தெரியாமல் உள்ளே போகலாம் என்கிற ஓட்டை. கம்பெனி திருத்தம் வெளியிட்டது, ஆனால் போட்டுக்கொண்டால்தானே பலன்? கம்பெனியே கைவிட்ட பழைய பெட்டி என்றால், அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். கேமராக்களை 'கெஸ்ட் நெட்வொர்க்'கில் தனியாக வைத்தால், கேமரா கெட்டாலும் நம் கம்ப்யூட்டர் வரை எளிதில் வரமாட்டான்.

மூன்றாவதாகத்தான் மறைப்பது. தோட்டத்துக் கேமராவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், டி.வி.ஆர். பெட்டியை நேராக வெளியே காட்டாமல், வி.பி.என். வழியாக உள்ளே போங்கள். 'ஒயர்கார்டு' என்று ஒரு வி.பி.என். இருக்கிறது, இலவசம், பல ரவுட்டர்களில் கூடவே வருகிறது. சரியான சாவியோடு வந்தால் மட்டும் பதில் சொல்லும். மற்றவன் எத்தனை முறை தட்டினாலும் வாயே திறக்காது. பூட்டு இருக்கிறது, பூட்டு இருப்பதே வெளியே தெரியவில்லை. மறைப்பது என்றால் இப்படி மறைக்க வேண்டும். பூட்டின் மேல் மறைவு, பூட்டுக்குப் பதிலாக மறைவு அல்ல.

செய்து முடித்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். அதை வீட்டு வைஃபையிலிருந்து செய்தால் தப்பான முடிவு வரும். வாசலை உள்ளே நின்று பார்க்கக் கூடாது. போனில் வைஃபையை நிறுத்தி, சிம் டேட்டாவில் இருந்துகொண்டு உங்கள் வீட்டு முகவரியைச் சோதியுங்கள். இதில் இரண்டு சூட்சுமங்கள். ரவுட்டரின் பக்கத்தில் தெரியும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே வெளி முகவரியைக் கம்பெனி பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது என்று பொருள். அப்போது சோதனையில் தெரிவது கம்பெனியின் வாசல், உங்கள் வாசல் அல்ல. அப்படிப்பட்ட லைனில் போர்ட் திறந்து வைத்தாலும் வேலை செய்யாது, ஒயர்கார்டும் நேராக வராது. கேமராக் கம்பெனியின் ஆப் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஆப் கணக்கின் பாஸ்வேர்டு அப்போது இரட்டிப்பு முக்கியம். இரண்டாவது, புதிய முறை முகவரியான ஐ.பி.வி.6. அதில் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் நேரடி வெளி முகவரி கிடைக்கிறது. அதனால் ரவுட்டரில் ஐ.பி.வி.6 ஃபயர்வால் ஆன் ஆகியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பழைய கதவைப் பூட்டிவிட்டுப் புதிய கதவைத் திறந்து போட்டுவிடக் கூடாது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 'என்மேப்' என்ற கருவி 1997 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கற்றுக்கொள்ளுங்கள், நல்ல கருவி. ஆனால் உங்கள் வீட்டை மட்டும் தட்டுங்கள். அடுத்த வீட்டை அவர்கள் அனுமதி இல்லாமல் தட்டாதீர்கள். திறந்திருந்தது, சும்மா எட்டிப் பார்த்தேன் என்பது சட்டத்தில் செல்லாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. மிராய் எழுதிய பையன்களும் முதலில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் சர்வர்களை விழத்தட்டும் ஆசையில் ஆரம்பித்தவர்கள்தான். திறமைக்குக் குறைவில்லை, போன வழிதான் தப்பு.

கேமரா மாட்டும் தம்பிகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு நாலு வீடு ஏறி இறங்குகிறார்கள். "படம் வருதா?" என்றுதான் நாம் கேட்கிறோம், "பாஸ்வேர்டு மாத்தினியா தம்பி?" என்று கேட்பதில்லை. கேட்டால் செய்வார்கள். போடியில் ஏலக்காய் ஏலம் இன்று கம்ப்யூட்டரில் நடக்கிறது. சின்னமனூர் வாழைக்காரரும் கம்பத்துத் திராட்சைக்காரரும் போனில்தான் விலை பேசுகிறார்கள், பணமும் போனிலேயே வருகிறது. இவ்வளவையும் தாங்கி நிற்கும் பெட்டியைப் பற்றி நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல, படித்தவர்கள் நாம் இல்லாமல் வேறு யார் வருவார்கள்?

ஆகவே, சங்கத்தின் முன்னால் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் கல்லூரி மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தில் கிராமங்களுக்குப் போகிறார்கள். மரம் நடுகிறோம், கண் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். இனிமேல் அந்த முகாமிலேயே ஒரு மேசை போட்டு, விருப்பப்பட்டவர்களுக்கு ரவுட்டரையும் கேமராவையும் சரிபார்க்கச் சொல்லிக்கொடுக்கலாம். பாஸ்வேர்டை வீட்டுக்காரர் கையாலேயே மாற்ற வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் அதைப் பார்க்கவும் கூடாது, எழுதவும் கூடாது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' மையம், தீம்பொருளை நீக்கும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் சொல்லலாம். இந்த இரண்டு விவரத்தையும் ஒரு துண்டு நோட்டீஸாக அடித்துக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அச்சுச் செலவை எங்கள் செட்டுக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன். (கைதட்டல்)

தண்ணீருக்கு முறை வைத்து மடை திறக்கவும் அடைக்கவும் நம் பாட்டன்மார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தன் மடையைத் தான் பார்த்துக்கொள்ளாதவனால் தன் வயலும் கெடும், கீழ்மடைக்காரன் வயலும் கெடும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் வீட்டு ரவுட்டர் கெட்டால் அதுவும் அப்படித்தான், அடுத்தவனையும் சேர்த்துக் கெடுக்கும். மதியச் சாப்பாடு தயாராகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள், நிறுத்திக்கொள்கிறேன். வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியைத் திருப்பி, அடியில் இருக்கும் ஸ்டிக்கரை ஒருமுறை படித்துவிடுங்கள். மற்றதை அதிலிருந்து தொடங்கலாம்.